ரேடியோவுக்கு புளூடூத்: அதிர்வெண்ணை ஒப்படைக்கலாம், பிடிடியை யோசித்துக் கொடுங்கள்

கேட் போர்ட் என்றால் வாசல் கேட்டும் இல்லை, பூனையும் இல்லை. டிரான்ஸீவரின் (பேசவும் கேட்கவும் ஆகும் அமெச்சூர் ரேடியோ) அதிர்வெண்ணையும் மோடையும் கணினி படித்துத் தெரிந்துகொள்ளவும் மாற்றவும் உள்ள வழி அது. அந்தக் கம்பியை எடுத்துவிட்டு புளூடூத் அல்லது வைஃபை வைப்பது பற்றித்தான் இம்முறை வந்த கேள்விகள் அனைத்தும். தலைப்பில் உள்ள பிடிடி, ஒலிபரப்பைத் தொடங்கி நிறுத்தும் சுவிட்ச். சில கேள்விகள் புகை வந்த பிறகு எழுதப்பட்டவை.

கேள்வி: யேசு நிறுவனத்தின் எஃப்டி-817என்டி ரேடியோ வைத்திருக்கிறேன். ஹெச்சி-05 புளூடூத் மாட்யூலைப் பின்பக்க ஏசிசி சாக்கெட்டில் இணைத்தேன். இரண்டு மாட்யூல்கள் போய்விட்டன. மூன்றாவதை வாங்குவதற்கு முன் கேட்கிறேன்.

பதில்: முதலாவதை வாங்குவதற்கு முன் கேட்டிருக்கலாம். பரவாயில்லை, ரேடியோ பிழைத்திருக்கிறதே.

அந்த 8 முனை மினி டின் சாக்கெட்டில் 1ஆம் முனையில் 13.8 வோல்ட் நேராக வருகிறது. ஹெச்சி-05 பலகை தாங்குவது 3.6 முதல் 6 வோல்ட் வரைதான். உங்கள் மாட்யூல்கள் போனதற்கு இரண்டில் ஒன்றுதான் காரணம்: 1ஆம் முனையை நேராகக் கொடுத்திருப்பீர்கள், அல்லது முனைகளை இடவலம் மாற்றிப் பற்றவைத்திருப்பீர்கள். இரண்டாவது தவறைச் செய்யாதவர் எங்கள் வட்டாரத்தில் யாரும் இல்லை. கையேட்டில் உள்ள படம் சாக்கெட்டை எதிரில் நின்று பார்ப்பது. நீங்கள் பற்றவைப்பது பிளக்கின் பின்புறத்தில். கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாம் மாறியிருக்கும். அந்தச் சிறிய பிளக்கோடு மல்லுக்கட்டாமல், ஆயத்தமாகக் கிடைக்கும் கேபிளை வாங்கி மறுபக்க நுனியை வெட்டிவிடுங்கள். எந்த நிறக் கம்பி எந்த முனைக்குப் போகிறது என்பதை மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கேபிள் விற்றவர் தந்த நிறப் பட்டியலை நம்ப வேண்டாம்.

உங்களுக்குத் தேவை நான்கே கம்பிகள். 1 மின்சாரம், 3 தரை, 4 ரேடியோவிலிருந்து வெளியே வரும் தரவு, 5 உள்ளே போகும் தரவு. மின்சாரத்துக்கு இடையில் 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 சிப் ஒன்றைப் போடுங்கள். மாட்யூல் ஏறக்குறைய 40 மில்லியாம்பியர் எடுப்பதால் 7805இல் வெப்பமாகப் போவது மூன்றில் ஒரு வாட்டுதான், ஹீட் சிங்க் தேவையில்லை. மின்னழுத்தத்தை அதிவேகமாக இயக்கி அணைத்துக் குறைக்கும் பக் கன்வர்ட்டர் பலகை திறமையானது என்று வாங்கத் தோன்றும். வாங்காதீர்கள். மலிவான பக் கன்வர்ட்டர் குறுக்கிடும் இரைச்சலை 40 மீட்டர் அலைவரிசையில் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டு எல்இடி விளக்கைத் திட்டியவர்கள் உண்டு.

4ஆம் முனையில் வருவது 5 வோல்ட் தரவு. மாட்யூலின் ஆர்எக்ஸ் (தரவு வாங்கும்) முனை 3.3 வோல்ட்டுக்கானது. நடுவில் 1 கிலோ ஓம் மின்தடை, அங்கிருந்து தரைக்கு 2 கிலோ ஓம் வைத்தால் 3.33 வோல்ட் ஆகிவிடும். எதிர்த்திசையில் ஒன்றும் வேண்டாம். மாட்யூல் தரும் 3.3 வோல்ட்டை ரேடியோ ஒன்று என்றே எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. மாட்யூலை மாட்டுவதற்கு முன், 7805இன் வெளியீட்டில் மீட்டரை வைத்து 5 வோல்ட்டைக் கண்ணால் பாருங்கள். மூன்றாவது மாட்யூலுக்கு அது போதுமான காப்பீடு.

கேள்வி: இணைப்பெல்லாம் சரியாகச் செய்துவிட்டேன். விண்டோஸ் கணினியில் மாட்யூல் பதிவாகிவிட்டது. ஆனால் மென்பொருள் ரேடியோ பதில் தரவில்லை என்கிறது. மென்பொருளில் எல்லா பாட் வேகங்களையும் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

பதில்: மென்பொருளில் பாட் வேகத்தை, அதாவது தரவு போகும் வேகத்தை, மாற்றி ஒரு பயனும் இல்லை. புளூடூத் தரும் காம் போர்ட் கற்பனைப் போர்ட். அங்கே நீங்கள் 4800 என்று போட்டாலும் 38400 என்று போட்டாலும் காற்றில் போவது ஒன்றுதான். வேகம் ஒத்துப்போக வேண்டிய இடம் மாட்யூலுக்கும் ரேடியோவுக்கும் நடுவில். எஃப்டி-817 தொழிற்சாலையிலிருந்து வரும்போது 4800இல் இருக்கும், ஹெச்சி-05 பெரும்பாலும் 9600இல் இருக்கும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் பேசினால் யார் பதில் சொல்வது? ரேடியோ மெனுவில் கேட் ரேட்டை 9600 ஆக்குங்கள்.

இன்னொன்று, யேசு எதிர்பார்ப்பது இரண்டு ஸ்டாப் பிட்கள், அதாவது ஒவ்வொரு பைட்டின் முடிவையும் குறிக்கும் பிட்கள். மாட்யூல் பலகையில் உள்ள சிறு பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால் விளக்கு இரண்டு விநாடிக்கு ஒருமுறை மெதுவாக மினுக்கும். அப்போது அது கட்டளை கேட்கும் நிலையில் இருக்கிறது. ஒரு யுஎஸ்பி சீரியல் பலகை வழியாக 38400 வேகத்தில் ஏடி+யூஏஆர்டி=9600,1,0 என்பதை ஆங்கில எழுத்தில் அனுப்புங்கள். நடுவில் உள்ள 1 என்பது இரண்டு ஸ்டாப் பிட்களைக் குறிக்கிறது. எண்ணைப் பார்த்து ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

பிறகு காம் போர்ட். விண்டோஸ் ஒரே மாட்யூலுக்கு இரண்டு போர்ட்களை உருவாக்கும், ஒன்று உள்வரும் போர்ட், மற்றது வெளிச்செல்லும் போர்ட். நமக்கு வேண்டியது வெளிச்செல்லும் போர்ட். சரியானதைப் பிடித்தீர்களா என்பதை மாட்யூலின் விளக்கே சொல்லிவிடும். மென்பொருள் போர்ட்டைத் திறக்கும்வரை படபடவென்று மினுக்கிக்கொண்டிருக்கும், திறந்ததும் அமைதியாகி இடைவெளி விட்டு மினுக்கும். கணினியில் பதிவாகியிருப்பது வேறு, இணைப்பில் இருப்பது வேறு.

அதற்கு மேலும் சந்தேகம் என்றால் மென்பொருளை மூடிவிட்டு ஒரு டெர்மினல் நிரலில் 00 00 00 00 03 என்ற ஐந்து பைட்களைப் பதினறும எண்களாக அனுப்புங்கள். ரேடியோ 14.074 மெகாஹெர்ட்ஸில் யுஎஸ்பி மோடில் (அப்பர் சைட்பேண்ட், கணினியின் யுஎஸ்பி இல்லை) இருந்தால் 01 40 74 00 01 என்று பதில் வரும். அதிர்வெண் அப்படியே படிக்கும்படி வருகிறது பாருங்கள். முதன்முதலாக அதைத் திரையில் பார்த்தபோது நான் ஐந்து நிமிடம் டயலைத் திருப்பித் திருப்பி விளையாடிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: ஐகாம் ஐசி-718க்கும் இதே மாட்யூல் போதுமா?

பதில்: மாட்யூல் போதும், இணைப்பு வேறு. ஐகாமில் கேட்டின் வேலையைச் செய்யும் சி-ஐவி ஒற்றைக் கம்பித் தடம். போவதும் வருவதும் அதே கம்பியில்தான். தடத்தை ரேடியோ மேலே இழுத்து வைத்திருக்கும், பேச விரும்புகிறவர் கீழே இழுக்க வேண்டும். ஆகவே மாட்யூலின் டிஎக்ஸ் (தரவு அனுப்பும்) முனையை நேராக இணைக்கக் கூடாது. நடுவில் ஒரு டையோடு வைத்து, அதன் கேத்தோடு மாட்யூல் பக்கம் இருக்கும்படி இணையுங்கள். சாதாரண 1என்4148 டையோடு போட்டால் கீழ் மின்னழுத்தம் விளிம்பில் நிற்கும். ஷாட்கி வகை டையோடு நிம்மதி.

ஆர்எக்ஸ் முனைக்கு மேலே சொன்ன 1 கிலோ, 2 கிலோ ஓம் பிரிப்பானை இங்கே போட்டால் அதுவே தடத்தைக் கீழே இழுத்துவிடும். 10 கிலோ, 20 கிலோ ஓம் போடுங்கள். ஐசி-718இன் முகவரி பதினறும எண்ணில் 5இ. நீங்கள் அனுப்பியது உங்களுக்கே எதிரொலியாகத் திரும்பி வரும். அது கோளாறு இல்லை, ஒற்றைக் கம்பியின் இயல்பு.

கேள்வி: கென்வுட் டிஎஸ்-480?

பதில்: அதில் இருப்பது உண்மையான ஆர்எஸ்-232. அதன் மின்னழுத்தம் மாட்யூலுக்கு ஒத்துவராது, மாட்யூலுக்கு முன் அதை மாற்றித் தரும் மேக்ஸ்3232 சிப் கட்டாயம், ரேடியோ பக்கம் 7, 8 முனைகளை ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். மின்சாரம் அந்தப் போர்ட்டில் கிடைக்காது, தனியாகக் கொண்டுவர வேண்டும்.

கேள்வி: ஐபோனில் ஹெச்சி-05 தெரியவே இல்லையே?

பதில்: தெரியாது. ஹெச்சி-05 பேசும் பழைய புளூடூத் சீரியல் முறையை ஐபோன் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடவில்லை. குறைமின் புளூடூத் அல்லது வைஃபை வேண்டும். ஈஎஸ்பி32 பலகை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய முதல் வகையில் இரண்டு புளூடூத்களும் உண்டு. சி3, எஸ்3 வகைகளில் குறைமின் வகை மட்டுமே. புதியது என்பதற்காக எஸ்3 வாங்கிவிட்டு, ஆண்ட்ராய்டில் பழைய சீரியல் செயலி வேலை செய்யவில்லை என்று கேட்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் புளூடூத் வைக்கத் தனி உரிமம் வேண்டுமா?

பதில்: இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு 2005இலேயே உரிம விலக்கு வந்துவிட்டது. டிரான்ஸீவருக்கான உரிமம் வழக்கம்போல் வேண்டும்.

கேள்வி: கேட்கும்போது ஒழுங்காக இருக்கிறது. ஒலிபரப்ப ஆரம்பித்ததும் புளூடூத் அறுந்துவிடுகிறது. ரேடியோவை அணைத்துப் போட்டால்தான் திரும்ப வருகிறது.

பதில்: முதலில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மின்சக்தியை வெப்பமாக்கும் மின்தடை) அதே வாட்டில் ஒலிபரப்பிப் பாருங்கள். அப்போதும் அறுந்தால் மின்சாரப் பக்கத்தில் கோளாறு. 7805இன் இருபுறமும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றனவா, அவை சிப்பின் காலை ஒட்டி இருக்கின்றனவா என்று பாருங்கள். டம்மி லோடில் நன்றாக இருந்து ஆன்டெனாவில் மட்டும் அறுந்தால், உங்கள் அறைக்குள்ளேயே அலை சுற்றிக்கொண்டிருக்கிறது. முனையில் ஊட்டும் கம்பி ஆன்டெனாவை ஜன்னல் வழியே இழுத்து மேசைவரை கொண்டுவந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

கேட் கேபிளைக் கையகல நீளத்துக்குக் குறையுங்கள். அதில் ஒரு ஃபெரைட் வளையத்தைப் போட்டு நான்கைந்து சுற்றுகள் சுற்றுங்கள். எச்எஃப் எனும் சிற்றலைகளுக்கு 31 வகைக் கலவை நல்லது. மாட்யூலைத் தகரப் பெட்டிக்குள் அடைத்தால் அலை வராது என்பது சரிதான், புளூடூத்தும் வெளியே போகாது. மின்சுற்றை உலோகத்துக்குள் வைத்து, மாட்யூலின் அந்த வளைந்து நெளிந்த செப்புப் பகுதியை மட்டும் வெளியே நீட்டி வையுங்கள்.

ஆனாலும் இந்தத் தொல்லைக்கு ஈடான லாபம் இதிலேயே இருக்கிறது. யுஎஸ்பி கேபிள் வழியாக மடிக்கணினிக்குள் அலை புகுந்து மவுஸ் உறைந்துபோவதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கம்பியே இல்லையென்றால் தரைச் சுற்றும் இல்லை, அந்த ‘ம்ம்ம்’ ஒலியும் இல்லை.

கேள்வி: அப்படியானால் ஒலியையும் புளூடூத்தில் விட்டுவிட்டால் எஃப்டி8 முழுக்கக் கம்பியில்லாமல் ஆகிவிடுமே?

பதில்: இந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, இருந்தாலும் காரணம் சொல்கிறேன். இருவழிப் புளூடூத் ஒலி என்பது தொலைபேசி ஹெட்செட்டுக்காக அமைந்தது. மனிதக் குரலை மனத்தில் வைத்து ஒலியைச் சுருக்கும், இரைச்சல் என்று நினைப்பதை நீக்கும். எஃப்டி8 என்பது கணினிகள் ஸ்வரங்களால் சிறு செய்திகளைப் பரிமாறும் முறை. அதன் எட்டு ஸ்வரங்கள் 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்பவை, இரைச்சலுக்கு 20 டெசிபெல் கீழே இருந்தும் எடுக்கக்கூடியவை. காதுக்கே கேட்காத அந்த ஸ்வரத்தைத்தான் ஹெட்செட் முறை முதலில் குப்பையில் போடும். ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கியும் 2017இல் பாடுபட்டு உருவாக்கியதை நாம் ஹெட்செட்டில் கொன்றுவிடக் கூடாது.

செய்ய வேண்டியது வேறு. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்றை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்து, ஒலிக் கம்பியையும் கேட் கம்பியையும் ஒரு சாண் நீளத்தில் அதில் இணையுங்கள். எஃப்டி8 மென்பொருள் அந்தப் பையிலேயே ஓடட்டும். வைஃபை வழியாக அதன் திரையை மட்டும் உங்கள் மடிக்கணினியில் பாருங்கள். திரை தாமதமாக வந்தால் யாருக்கும் நட்டமில்லை, 15 விநாடிக் கணக்கு பைக்குள் ஒழுங்காக நடக்கும்.

கேள்வி: ரேடியோ மொட்டை மாடி அறையில், நான் கீழ்த்தளத்தில். நடுவில் இரண்டு கான்கிரீட் தளங்கள்.

பதில்: புளூடூத்தை மறந்துவிடுங்கள். மேலே சொன்ன ராஸ்பெர்ரி பையில், ரேடியோக்களைக் கட்டுப்படுத்தும் ஹாம்லிப் மென்பொருளின் ரிக்சிடிஎல்டி நிரலை ஓடவிட்டால் வீட்டு வலைப்பின்னலில் 4532ஆம் போர்ட்டில் எந்தக் கணினியும் ரேடியோவோடு பேசலாம். அந்தப் போர்ட்டை ரௌட்டரில் வெளியுலகத்துக்குத் திறந்துவிடாதீர்கள், அது கடவுச்சொல் கேட்காது. யாரோ ஒருவர் உங்கள் அழைப்புக்குறியில் ஒலிபரப்பிவிட்டுப் போவார்.

கேள்வி: பிடிடியையும் புளூடூத் கேட் வழியாகவே கொடுக்கிறேன். ஏதாவது ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. நான் பட்டது.

ஒரு ஞாயிறு காலை 40 மீட்டர் அலைவரிசையில் பேசிக்கொண்டிருந்தேன். திரையில் உள்ள பொத்தானை அழுத்திப் பேசிவிட்டு மறுபடி அழுத்தி விட்டேன். அந்த நொடியில் புளூடூத் அறுந்திருக்கிறது. ஒலிபரப்பு தொடங்கு என்ற கட்டளை போய்ச் சேர்ந்தது, நிறுத்து என்ற கட்டளை போகவில்லை. எதிர்முனை நண்பர் பதில் பேசவில்லையே என்று நினைத்துக்கொண்டு காபி எடுக்கப் போனேன். மைக் மேசையில் உயிரோடு கிடந்தது. பத்து நிமிடம் கழித்துத் தொலைபேசி அடித்தது. “அண்ணா, குக்கர் மூன்று விசில் வந்துவிட்டது, அண்ணியிடம் அடுப்பை அணைக்கச் சொல்லுங்கள்” என்றார் நண்பர். அதற்கு முன் வீட்டில் பேசியதையும் அவர் கேட்டிருக்கிறார். என்ன கேட்டார் என்பதை இன்றுவரை சொல்லவில்லை.

பேசும்போது மட்டும் சக்தி வெளியேறும் எஸ்எஸ்பி மோடு என்பதால் அத்தோடு போயிற்று. எஃப்எம் மோடில் இருந்திருந்தால் அந்தப் பத்து நிமிடமும் முழு வாட்டில் ஓடி இறுதிநிலை டிரான்சிஸ்டர்கள் வெந்திருக்கும்.

எஃப்டி8 மட்டும் போதும், ஒலி கம்பியில் வருகிறது என்றால் விஓஎக்ஸ் (ஒலி வந்தால் தானாக ஒலிபரப்பும் வசதி) வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வரம் நின்றால் ஒலிபரப்பு தானாக நிற்கும், புளூடூத் இருந்தால் என்ன, செத்தால் என்ன. பிடிடி கேட் வழியாகத்தான் வேண்டும் என்றால், ரேடியோ மெனுவில் டிஓடி என்ற நேரவரம்பைத் தேடி ஒரு நிமிடம் என்று வையுங்கள். எஃப்டி-817இல் அது இருக்கிறது, ஆனால் நீங்கள் போய் இயக்கும்வரை அணைந்தே இருக்கும்.

ஈஎஸ்பி32 வைத்து நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி. கணினியிலிருந்து கடைசிப் பைட் வந்து 20 விநாடி ஆகிவிட்டால், யாரையும் கேட்காமல் 00 00 00 00 88 என்ற ஐந்து பைட்களை ரேடியோவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். யேசுவுக்கு அதுதான் ஒலிபரப்பை நிறுத்து. 3 விநாடி போதாதா என்று கேட்பீர்கள். ஒலிபரப்பும்போது சில மென்பொருள்கள் அதிர்வெண்ணைக் கேட்பதை நிறுத்திவிடும். எஃப்டி8இன் ஒரு ஒலிபரப்பு 12.64 விநாடி. 3 என்று வைத்தால் ஒவ்வொரு ஒலிபரப்பும் பாதியில் அறுந்து, குறை எங்கே என்று மறுபடியும் எனக்கே எழுதுவீர்கள்.