கெர்னலுக்கு அனுப்பிய பேட்ச் ஏன் திரும்பியது? — கடிதம்

ஐயா,

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு முதன்முறையாக ஒரு பேட்ச் (நிரலில் செய்த மாற்றத்தைக் காட்டும் குறிப்பு) அனுப்பினேன். இன்னும் முழுத்தரம் எட்டாத ஸ்டேஜிங் டிரைவர் ஒன்றில் மெமரி லீக்கை (எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராத கோளாறு) அடைத்திருந்தேன். அதே ஃபைலில் கண்ணில் பட்ட எழுத்துப்பிழை, இடைவெளிக் கோளாறுகளையும் சேர்த்தே திருத்தினேன். ஜிமெயிலில் ஒட்டி அனுப்பியது மடற்குழுவிலிருந்து திரும்பி வந்துவிட்டது. நேரடிப் பிரதி கிடைத்த பராமரிப்பாளர், "அப்ளை ஆகவில்லை, பிரித்து அனுப்புங்கள்" என்று ஒற்றை வரி எழுதினார். விளக்கம் கேட்டு மூன்று நாளாயிற்று, பதில் இல்லை. கிட்ஹப் போன்ற தளங்களில் புல் ரெக்வெஸ்ட் போட்டுப் பழகிய எனக்கு இதெல்லாம் வெறும் சடங்காகத் தெரிகிறது.

— ஒரு கல்லூரி மாணவர், கோவை

அன்புள்ள மாணவருக்கு,

உங்கள் திருத்தம் சரியாகவே இருக்கலாம். ஆனால் பராமரிப்பாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது அது பேட்சாக இல்லை. கெர்னலில் உள்தள்ளல் டேப்தான், எட்டு இட அகலம். ஜிமெயிலின் இணையப் பக்கம் டேப்களை இடைவெளிகளாக்கும். நீண்ட வரியை 78 எழுத்தில் மடிக்கும். பேட்ச் தன் இடத்தைக் கண்டுபிடிப்பது மேலும் கீழும் உள்ள மூன்று மூன்று வரிகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான். டேப்பும் எட்டு இடைவெளியும் நம் கண்ணுக்கு ஒன்று, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவிக்கு வேறு. மடற்குழு திருப்பியதற்குக் காரணம் பெரும்பாலும் எச்டிஎம்எல். வெறும் எழுத்தாக இல்லாத மடலை அது ஏற்காது.

கிட் ஃபார்மட்-பேட்ச் போட்டு ஃபைலாக்கி, கிட் சென்ட்-ஈமெயிலில் அனுப்புங்கள். ஜிமெயில் கணக்கே போதும். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்த மடலைச் சேமித்து, கைபடாத கிளையில், மடலிலுள்ள பேட்சைச் சேர்க்கும் கிட் ஏஎம் கொடுத்துப் பாருங்கள். அங்கே ஒட்டாதது அவரிடமும் ஒட்டாது. யாருக்கு அனுப்புவது என்பதை கெட்-மெய்ன்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். நடைப்பிழைகளைச் சொல்லும் செக்பேட்ச் ஸ்கிரிப்டையும் ஓட்டுங்கள், ஆனால் அது முணுமுணுக்கும் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை.

பிரித்து அனுப்பச் சொன்னதுதான் முக்கியம். இரண்டாவது மெமரி ஒதுக்கீடு தோற்றால் 'ரிட்டர்ன்' என்று நேரே வெளியேறுகிறது, முதலாவது அப்படியே கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 'ரிட்டர்ன்' வரி 'கோட்டு' (goto) ஆகும். கீழே விடுவிக்கும் வரியும் அதற்கொரு லேபிளும் வரும். மாறுவது நாலைந்து வரி. அதை அறுபது இடைவெளித் திருத்தங்களுக்கு நடுவே புதைத்தால் படிப்பவர் எங்கே தேடுவார்? பிழைத்திருத்தம் மட்டும் பெறும் பழைய ஸ்டேபிள் பதிப்புகளுக்கு அந்த நாலைந்து வரி மட்டும்தான் வேண்டும். அழகுபடுத்தலும் ஒட்டிக்கொண்டு போனால் அங்கே மோதும். ஆகவே லீக் திருத்தம் முதல் பேட்ச், மற்றவை அடுத்தடுத்து. ஒவ்வொன்றும் தனியாகக் கம்பைல் ஆக வேண்டும். நடுவில் ஒன்று உடைந்திருந்தால், பின்னாளில் வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கும் கிட் பைசெக்டில் வேறொரு பிழையைத் தேடுகிறவர் அங்கே வந்து முட்டிக்கொள்வார்.

தலைப்பு வரியின் முன்னொட்டை (எந்தப் பகுதிக்கான பேட்ச் என்று காட்டுவது) நீங்களாக உருவாக்காதீர்கள். அந்த ஃபைலுக்கு கிட் லாக் போட்டால் முன்னவர்கள் எழுதியது தெரியும். தலைப்பின் கீழே 75 எழுத்து அகலத்துக்குள் என்ன கோளாறு, எப்போது வெளிப்படும், ஏன் இப்படித் திருத்தினீர்கள் என்று எழுதுங்கள். என்ன மாறியது என்பதை பேட்சிலுள்ள டிஃப்பே (பழைய வரி, புதிய வரிப் பட்டியல்) காட்டிவிடும். கோளாறைக் கொண்டுவந்த கமிட்டை (பதிவான மாற்றம்), எந்த வரி எதில் வந்தது என்று காட்டும் கிட் பிளேமில் பிடித்து, அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்தும் தலைப்பும் சேர்த்து 'ஃபிக்ஸஸ்' வரியாகப் போடுங்கள்.

விளக்கத்தின் முடிவில் உங்கள் பெயரோடு வரும் சைன்டு-ஆஃப்-பை வரியைச் சடங்கு என்று தள்ளிவிடாதீர்கள். ஐபிஎம் மீது எஸ்சிஓ என்ற மென்பொருள் நிறுவனம் 2003-ல் வழக்குப் போட்டு, லினக்ஸில் தங்கள் நிரல் வரிகள் இருப்பதாகச் சொன்னது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி அதில் பெரிதாகவே, 2004-ல் இந்த வரி வந்தது. 'இதைத் தர எனக்கு உரிமை உண்டு' என்பது அதன் பொருள். கிட் கமிட்டில் '-எஸ்' (சிறிய s) கொடுத்தால் தானாகச் சேரும். 'படித்துச் சரிபார்த்தேன்' என்னும் ரிவ்யூடு-பை வரியை மட்டும் மற்றவர் தராமல் நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

திருத்தி அனுப்புவது இரண்டாம் பதிப்பு, தலைப்பில் 'வி2' இருக்க வேண்டும். முதல் பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதை விளக்கத்தின் முடிவில் வரும் மூன்று கோடுகளுக்கு (---) கீழே எழுதுங்கள்; கிட் ஏஎம் அந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளாது, வரலாற்றில் குப்பை சேராது. பதில் எழுதும்போது அவர் கேட்ட வரிக்கு நேர் கீழே எழுதுங்கள், உச்சியில் அல்ல.

மூன்று நாள் காத்திருப்பு ஒரு பொருட்டே அல்ல. குறைந்தது ஒரு வாரம் பொறுங்கள். ஒவ்வொரு கெர்னல் பதிப்பும் வெளியானதும் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ, அதாவது அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் காலம். அப்போது அனுப்பியிருந்தால் முதல் சோதனைப் பதிப்பான ஆர்சி1 வரும் வரை புதிய பேட்ச்களை அவர் திறந்தே பார்க்காமலிருக்கலாம்.