வரையத் தெரியாதவருக்கும் அன்றாடப் படைப்பாற்றல் ஆன்மிகப் பாதை ஆகுமா?

ஆகும். திறமை தேவையே இல்லை. சில சமயம் அதுவே இடைஞ்சல். கைதேர்ந்தவர் பாராட்டுக்காக வரையத் தொடங்கிவிடுவார்.

உளவியலாளர் கார்ல் யுங், 1918–19இல் ராணுவப் பணியில் இருந்தபோது, தினமும் காலையில் குறிப்பேட்டில் ஒரு சிறு வட்டச் சித்திரம் வரைந்தார். அதில் தன் அன்றைய மனநிலை எப்படிப் பதிகிறது என்று கவனித்தார். எரிச்சலூட்டும் கடிதம் ஒன்று வந்த மறுநாள், வட்டத்தின் விளிம்பு உடைந்து ஒழுங்கு குலைந்திருந்தது. அலங்காரமாக வரைந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்குமா?

நீங்கள் வட்டம்தான் வரைய வேண்டும் என்றில்லை. நாலு வரி எழுதலாம், ஒரு மெட்டை முணுமுணுக்கலாம். பத்து நிமிடம் போதும். 'நன்றாக இல்லையே' என்று உள்ளே ஒரு குரல் முனகும். அதை அடக்காதீர்கள், அது யார் பேச்சின் எதிரொலி என்று பாருங்கள். எனக்கு அதற்கே இரண்டு மாதம் ஆயிற்று.