ரிவர்ஸ்டேல் மாளிகை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வாஷிங்டனை ஒட்டி, மேரிலாந்தில் உள்ள ரிவர்டேல் பார்க் என்ற சின்னப் புறநகரில் குடியிருக்கிறேன். எங்கள் ஊரில் ரிவர்ஸ்டேல் என்ற பழைய மாளிகை இருக்கிறது. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். கட்டடக்கலை பற்றிச் சொல்வார் என்று பார்த்தால், வழிகாட்டி பாதி நேரம் ஓர் அடிமையின் கதையையே சொல்லிக்கொண்டிருந்தார். அழகான வீட்டைப் பார்க்க வந்தவர்களிடம் இது எதற்கு? வீட்டை வீடாக ரசிக்கக் கூடாதா?

க., மேரிலாந்து

அன்புள்ள க.,

தாராளமாக ரசிக்கலாம், ரசிக்க வேண்டிய வீடுதான். பிரெஞ்சுப் படைக்குப் பயந்து, இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஆண்ட்வெர்ப் நகரிலிருந்து குடும்பத்தோடு தப்பி வந்த ஹென்றி ஸ்டியர் 1801ல் கட்டத் தொடங்கினார். முடியும் முன்பே ஊர் திரும்பிவிட்டார். கட்டி முடித்தவர்கள் மகள் ரோசலியும் மருமகன் ஜார்ஜ் கால்வெர்ட்டும். ஸ்டியர் கொண்டுவந்திருந்த ஓவியங்களில் புகழ்பெற்ற ஐரோப்பிய ஓவியர் ரூபன்ஸ் வரைந்ததும் உண்டு. 1816ல் அவற்றை ஸ்டியருக்குத் திருப்பி அனுப்பக் கப்பலேற்றும் முன் பெட்டிகளைத் திறந்து, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார்கள்.

சரி, இதில் பெரும்பகுதி நமக்கு எப்படித் தெரிகிறது? ரோசலி பிறந்த வீட்டுக்கு விடாமல் கடிதம் எழுதினார். அப்பாவின் முதலீடு, புகையிலை விலை, பிள்ளைப்பேறு எல்லாம் அவற்றில் இருக்கின்றன. 1814ல் பக்கத்திலுள்ள பிளேடன்ஸ்பர்க்கில் ஆங்கிலேயரோடு சண்டை நடந்தபோது பீரங்கிக் குண்டுகளைக் கண்ணால் பார்த்ததையும் எழுதியிருக்கிறார்.

உங்கள் வழிகாட்டி சொன்ன 'அடிமை' ஆடம் பிரான்சிஸ் பிளம்மராகத்தான் இருக்க வேண்டும். அவரும் எழுதியவர். ரோசலியின் மகன் சார்லஸ் பெனடிக்டின் காலத்தில் அங்கே வேலை பார்த்தார். 1841ல், எமிலியை மணந்த ஆண்டில், நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். கல்யாணம், பிள்ளைகள் பிறந்த தேதி, வாங்கிய சாமான், வரவு செலவு என்று நம் வீட்டுக் கணக்கு நோட்டு போலவே இருக்கும். எமிலி வேறொரு முதலாளியின் உடைமை. அதனால் கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வாழ முடியவில்லை. எமிலி அடுத்தடுத்துக் கைமாறித் தொலைவுக்குப் போகப் போக, சந்திப்பும் அரிதாகிவிட்டது. மகள் சாரா மிராண்டாவை நியூ ஆர்லியன்ஸுக்கே விற்றுவிட்டார்கள். உள்நாட்டுப் போர் முடிந்தபின் தம்பி ஹென்றி அங்கே போய் அக்காவைத் தேடி அழைத்து வந்தார். பின்னாளில் அமெரிக்க நிரந்தர ராணுவத்தின் முதல் கறுப்பினப் பாதிரியாரானவர் இந்த ஹென்றிதான்.

இப்படிப்பட்ட பண்ணை வீடுகள் பலவற்றில் அடிமைகள் சொத்துப் பட்டியலில் ஒரு பேரும் அதற்கு நேரே ஒரு விலையுமாக மட்டுமே மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரே தன் கையால் எழுதிவைத்தது அபூர்வம். ரோசலியின் கடிதங்களை வைத்து ஓவியங்களைப் பற்றிச் சொல்கிற வழிகாட்டி, பிளம்மரின் நோட்டை மட்டும் மூடி வைத்தால்தான் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று நான் சொல்வேன்.

இன்னொன்று, நீங்கள் குடியிருக்கும் ஊரும் அந்த வீட்டின் பகுதிதான். 1887ல் வாரிசுகள் பண்ணையை விற்றபின், வாங்கியவர்கள் மனை பிரித்துத் தெரு போட்டார்கள். நடுவே ஓடிய ரயில் பாதையால் வாஷிங்டனுக்கு வேலைக்குப் போய்வருவோர் குடியேறினார்கள். அதனால் அடிமைகளின் கதையை மாளிகைக்குள் மட்டும் தவிர்த்துவிட்டால் போதாது, தெருவிலும் தவிர்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம், மாளிகையை ஒட்டித் தனிக் கட்டடமாகச் சமையற்கட்டு இருக்கிறது. அங்கே விறகடுப்பில் அந்தக் காலச் சமையலைச் செய்துகாட்டுவதுண்டு. அந்த நாளாகப் பார்த்து அம்மாவை அழைத்துப் போங்கள்; வழிகாட்டியை அவர் கேள்வி கேட்பார்.