தோரன்ஸ் டர்ன்டேபிளுக்கு எந்த டோன் ஆர்ம் பொருந்தும்?

கேள்வி: புதுச்சேரி வைசியாள் வீதியில் மரவிட்டத் தளம் போட்ட பழைய வீட்டின் மாடியில் வசிக்கிறேன். டோன் ஆர்ம் (ஊசியைத் தட்டின்மேல் தாங்கும் கை) இல்லாத தோரன்ஸ் டிடி 160 சூப்பர் டர்ன்டேபிள் (இசைத்தட்டுச் சுழற்றி) ஒன்றும் டெனான் டிஎல்-103 காட்ரிட்ஜ் (ஊசி பொருந்திய முனை) ஒன்றும் என்னிடம் உள்ளன. பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வரும் மருமகன் பழைய ஆர்ம் ஒன்றை வாங்கி வருவதாகச் சொல்கிறார். எஸ்எம்இ சீரீஸ் ஃபைவ், ரேகா ஆர்பி300, யூனிபிவட் வகையில் ஒன்று ஆகிய மூன்றில் எதன் ஒலி சிறந்தது? நான் கேட்பது பெரும்பாலும் கர்நாடக இசை எல்பிகள்.

பதில்: ஆர்முக்கென்று தனி ஒலி இருக்கக் கூடாது என்பதே அதைச் செய்பவர்களின் நோக்கம். ஊசி பள்ளத்தில் அதிரும்போது காட்ரிட்ஜின் உடலை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அதே நேரத்தில் தட்டின் நெளிவுக்கும், உள்நோக்கிச் செல்லும் பள்ளத்துக்கும் தடையின்றி இடம் கொடுக்கவும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு வேலைகளில் எதை எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் நம் காதுக்கு ஆர்மின் ஒலியாக வந்து சேர்கிறது. ஆகவே காட்ரிட்ஜையும் வீட்டையும் விட்டுவிட்டு ஆர்மை மட்டும் ஒப்பிட்டால் விடை தவறாகவே அமையும்.

முதலில் காட்ரிட்ஜ். ஆர்மின் செயல்நிறை (ஊசி இருக்கும் இடத்தில் உணரப்படும் ஆர்மின் நிறை), காட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை ஆகியவற்றைக் கிராமில் கூட்டி, காட்ரிட்ஜின் நெகிழ்திறனால் (ஊசி எவ்வளவு எளிதில் அசைந்து கொடுக்கிறது என்ற அளவு) பெருக்கி, வரும் தொகையின் வர்க்கமூலத்தால் 159-ஐ வகுத்தால், ஆர்மும் காட்ரிட்ஜும் சேர்ந்து ஊசலாடும் அதிர்வெண் ஹெர்ட்ஸில் கிடைக்கும். அது 8 முதல் 12-க்குள் இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் நெளிந்த தட்டுகளில் ஆர்ம் குதிக்கும். மேலே போனால் இசையின் அடித்தளத்தைத் தொடும். டிஎல்-103-இன் நெகிழ்திறன் 5 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பலர் மிரண்டுவிடுகிறார்கள். அது 100 ஹெர்ட்ஸில் அளந்த எண். நமக்கு வேண்டிய 10 ஹெர்ட்ஸில் அது ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை, அதாவது 7.5 முதல் 10 வரை இருக்கும் என்று கொள்வதே வழக்கம். காட்ரிட்ஜின் எடை 8.5 கிராம், திருகுகள் 1 கிராம். ரேகாவுக்கும் எஸ்எம்இ ஃபைவுக்கும் செயல்நிறை ஏறத்தாழ 11 கிராம். மொத்தம் 20.5 கிராமுக்கு விடை 11 முதல் 13 ஹெர்ட்ஸ் வரை வருகிறது. சற்றே அதிகம். காட்ரிட்ஜுக்கும் அதைப் பொருத்தும் ஆர்மின் தலைப்பகுதியான ஹெட்ஷெல்லுக்கும் நடுவே 4 கிராம் தகடு ஒன்றை வைத்தால் 10 முதல் 12-க்குள் இறங்கிவிடும். தகடு வைத்த பின்பு மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தைக் கவனியுங்கள்: வெறும் தட்டலாக நின்ற கும்கி, இழைந்து இறங்குவது தெரியும். மிகுந்த விலை கொடுத்து ஆர்மை மாற்றிய சிலர் இந்தத் தகட்டை மட்டும் வைத்திருந்தாலே போதுமே என்று நான் எண்ணியதுண்டு.

அடுத்தது வீடு. யூனிபிவட் ஆர்ம் ஒரே கூர்முனையின்மேல் நிற்பது. உராய்வு மிகக் குறைவு. நன்றாக அமைந்துவிட்டால் குரலும் வீணையும் அதில் மிக இயல்பாக, கட்டவிழ்ந்து ஒலிக்கும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அது பக்கவாட்டிலும் சாயக்கூடியது. தோரன்ஸின் உட்சட்டமோ ஸ்பிரிங்குகளில் தொங்குவது. அதன் கீழே, ஆள் நடந்தால் அதிரும் மரவிட்டத் தளம். தலைக்கு மேலே, கடற்கரை ஊரில் எட்டு மாதம் நிறுத்த முடியாத மின்விசிறி. மேலும் டிஎல்-103 போன்ற விறைப்பான காட்ரிட்ஜ் ஆர்முக்குள் அதிக அதிர்வை அனுப்பும். அதற்கு இறுக்கமான பேரிங் (ஆர்ம் திரும்பும் மூட்டு) வேண்டும். தங்கள் வீட்டுக்கு யூனிபிவட் வேண்டாம்.

மீதமுள்ள இரண்டில், 1983-இல் வந்த ஆர்பி300, ஒரே வார்ப்பில் செய்த அலுமினியக் குழாயை நடுத்தர விலைக்குக் கொண்டுவந்த ஆர்ம். தாளம் பிசகாத துடிப்பு அதன் பலம். உச்சஸ்தாயியில் சிறிது உலர்ந்த தன்மை உண்டு. எஸ்எம்இ ஃபைவின் மக்னீசியக் குழாயில் அந்த உலர்வு இல்லை. அதன் கீழ்ஸ்தாயி உறுதியானது. தவிலின் அடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எண்ணிவிடலாம். அத்துடன் அதில் ஆர்மின் ஊசலாட்டத்தை அடக்கும் சிலிக்கோன் திரவத் தணிப்பானும் உண்டு. நெளிந்த எல்பிகள் நிறைந்த வீட்டில் அது பெரும் உதவி.

இந்த வேறுபாட்டை விடவும் பெரிதாகக் காதில் விழுவது, ஊசியைப் பள்ளத்துக்கு நேராக நிறுத்தும் கோண அமைப்பு. எல்பியின் ஓரத்தில் ஊசிக்கடியில் பள்ளம் நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. மையத்தை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. ஒரு பக்கத்தின் முடிவில் வரும் தனி ஆவர்த்தனம், உச்சத்தை எட்டும் இடத்தில், இந்த நெருக்கடியான பள்ளங்களில்தான் வந்து விழுகிறது. மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் ஊசி பள்ளத்துக்கு நேராக நிற்கும்படி அமைப்பது பேர்வால்ட் முறை. ரேகாவில் ஹெட்ஷெல்லின் நீண்ட துளையில் காட்ரிட்ஜை நகர்த்தி இதைச் செய்ய வேண்டும். எஸ்எம்இ ஃபைவில் காட்ரிட்ஜ் அசையாது, ஆர்மின் அடித்தளமே நகரும். கைப்பழக்கம் இல்லாதவருக்கு இதுவே எளிது. ஆர்மின் உயரத்தை மாற்றுவதும் எஸ்எம்இயில் தூணை ஏற்றி இறக்கும் வேலைதான். ரேகாவில் அடியில் தகடு செருக வேண்டும்.

எனவே பணம் இடம் கொடுத்தால் எஸ்எம்இ ஃபைவ். இல்லையென்றால் ரேகா, வருத்தப்படாமல். எஸ்எம்இ 2019-ஆம் ஆண்டு இறுதியில் ஆர்ம்களைத் தனியாக விற்பதை நிறுத்திவிட்டது என்பதால் பழையதைத்தான் தேட வேண்டும். எதை வாங்கினாலும் தோரன்ஸுக்கு அதற்குரிய ஆர்ம் பலகையும், ஸ்பிரிங்குகளை மீண்டும் சமன்செய்வதும் தேவைப்படும். டர்ன்டேபிளை மேசையில் வைக்காமல், தங்கள் வீட்டின் தடித்த செங்கல் சுவரில் அடித்த தாங்கியில் வையுங்கள்.

கழற்றும் ஹெட்ஷெல் உள்ள ஆர்மை யாராவது பரிந்துரைத்தால் உப்புக்காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கடலோரத் தேவனாம்பட்டினத்தில் என் வீட்டில் இடப்பக்க ஒலி திடீரென நின்றுபோனபோது ஆம்ப்ளிஃபயரைத் திறந்து அரை நாள் வீணாக்கினேன். பிறகு ஹெட்ஷெல்லைக் கழற்றிப் பார்த்தால், மின் இணைப்புக்கான நான்கு சிறு முனைகளில் ஒன்றின் தலையில் கடுகளவு பச்சைக் களிம்பு.

மருமகன் வாங்குமுன் ஆர்மை எடையின்றிச் சமநிலையில் நிறுத்தி மெல்ல ஊதிப் பார்க்கட்டும். தயங்காமல் மிதந்து சென்று, எங்கும் சிக்காமல் நிற்க வேண்டும். பிறகு ஹெட்ஷெல்லை இரு விரலால் பிடித்து மிக மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கட்டும். பேரிங்கில் மெல்லிய 'டிக்' உணர்ந்தால் அதை விட்டுவிடலாம். விமானத்தில் கொண்டுவரும்போது ஆர்மின் பின்முனையிலுள்ள எதிர் எடையைக் கழற்றித் தனியே சுற்றி வைக்கச் சொல்லுங்கள்; அது ஆர்மிலேயே இருந்தால் பெட்டி ஒருமுறை விழுந்தாலும் பேரிங் போய்விடும்.