45-ஐ விட 6 பெரிதா, டீச்சர்?

கேள்வி: ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 0.6, 0.45 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் பாதி வகுப்பு 0.45 என்கிறது. மூன்று முறை நடத்திவிட்டேன். தேர்வில் சரியாக எழுதுகிறார்கள். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் மறுபடியும் 0.45. அவர்களுக்குக் கவனம் போதவில்லையா, எனக்கு நடத்தத் தெரியவில்லையா?
– ஓர் ஆசிரியை

பதில்: உங்கள் பிள்ளைகள் நன்றாகவே கவனித்திருக்கிறார்கள், டீச்சர். சிக்கலே அதுதான். இலக்கம் கூடினால் எண் பெரிது என்று முதல் வகுப்பிலிருந்து படித்து, அதற்கு மதிப்பெண்ணும் வாங்கி வந்தவர்கள் அவர்கள். ஐந்து வருடம் ஒரு நாளும் ஏமாற்றாத விதியை ஒரு வாரப் பாடத்துக்காக யார் கைவிடுவார்கள்?

ஒன்று கேட்கிறேன். '0.6-க்குப் பின்னால் ஒரு பூஜ்ஜியம் போட்டு 0.60 ஆக்கி, பிறகு ஒப்பிடுங்கள்' என்றுதானே சொல்லிக்கொடுத்தீர்கள்? பெரும்பாலும் அப்படித்தான் நடத்துகிறோம். விடை சரியாக வரும். ஆனால் பிள்ளை அங்கே செய்வது என்ன? 60-ஐயும் 45-ஐயும் முழு எண்களாகவே ஒப்பிடுகிறான். பழைய விதிக்கு ஒரு கீறலும் விழவில்லை. பூஜ்ஜியம் போடுவது மறந்த அன்று அது எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.

சரியாகச் சொன்ன மறுபாதியையும் நம்பிவிடாதீர்கள். 'பத்தில் ஒன்று, நூறில் ஒன்றைவிடப் பெரியது. ஆகவே புள்ளிக்குப் பின் இலக்கம் குறைந்தால் எண் பெரிது' என்று முடிவுகட்டியவர்கள் அதில் இருக்கலாம். அவர்களுக்கு 0.6 சரியாக வந்துவிடும். 0.3-ஐயும் 0.45-ஐயும் கொடுத்தால்தான் அகப்படுவார்கள். இரண்டு ஜோடியையும் சேர்த்துக் கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் காரணம் எழுதச் சொல்லுங்கள். யார் எந்த விதியோடு வந்திருக்கிறார்கள் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 0.75, 0.5 மாதிரியான கேள்வி இதற்கு உதவாது. இலக்கத்தை எண்ணுகிற பிள்ளையும் அதில் சரியாக எழுதி உங்களிடம் 'டிக்' வாங்கிவிடுவான்.

பழைய அறிவுக்குத் துணைபோகிறவர்களும் நிறைய. கணக்குப் புத்தகத்திலேயே பயிற்சி 3.9-க்கு அடுத்து 3.10 வருகிறது! நாமும் 'புள்ளி நாற்பத்தைந்து' என்று வாசித்துக்காட்டுகிறோம். 'புள்ளி நான்கு ஐந்து' என்று வாசிக்கப் பழக்குங்கள்.

எவ்வளவு தெரியும் என்பதைப் போலவே, தெரிந்தது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் வெளியிட்ட சதுரங்க ஆய்வு ஒன்று உண்டு. நடந்த ஆட்டம் ஒன்றின் பலகையை ஐந்து விநாடி காட்டினால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களை நினைவிலிருந்தே திரும்ப வைத்துவிட்டார். புதியவரால் நான்கைந்துதான் முடிந்தது. அதே காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோது தேர்ந்தவரும் தடுமாறினார். அவருடைய நினைவாற்றல் அபாரமானது அல்ல. காய்கள் அவர் கண்ணுக்குக் கொத்துக்கொத்தாகப் பட்டன, அவ்வளவுதான்.

உங்கள் பிள்ளைகளுக்கு இடமதிப்பு தெரியும், பின்னமும் தெரியும். ஒவ்வொன்றும் தனித்தனிப் பாடமாகக் கிடக்கிறது. கோர்க்கும் வேலைதான் பாக்கி. பத்துக்குப் பத்துக் கட்டத்தாள் ஒன்றை ஆளுக்கு ஒன்றாகக் கொடுங்கள், முழுத்தாள்தான் 1. எது பெரியது என்று முதலில் எழுதச் சொல்லுங்கள்; அழிக்கக் கூடாது. பிறகு 0.6-க்கு ஆறு முழு வரிசை, 0.45-க்கு நான்கு வரிசையும் ஐந்து கட்டமும் வண்ணம் தீட்டட்டும். தான் எழுதியதும் தீட்டியதும் மோதுகிற அந்தக் கணத்தில் வாயைத் திறந்து விளக்கிவிடாதீர்கள். (ஆசிரியர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.) அவர்களே பேசட்டும். பத்தில் ஆறு என்ற பின்னத்தையும் பத்தில் ஒன்றாம் இடத்தையும் அதே தாளில் எழுதவையுங்கள்.

பழைய விதி தவறு என்று மட்டும் சொல்லாதீர்கள். முழு எண்களுக்கு அது இன்றும் சரிதான். புள்ளி தாண்டினால் செல்லாது என்று எல்லையைக் காட்டுங்கள். அந்தப் பூஜ்ஜியக் குறுக்குவழி, 0.6-உம் 0.60-உம் ஏன் ஒன்று என்று கட்டத்தாளை வைத்துப் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்லும்வரை காத்திருக்கட்டும்.