மிஸ்பா என்ற பெயருக்கு என்ன பொருள்?

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் 31-ஆம் அதிகாரத்தில் வரும் ‘மிஸ்பா’ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ‘நோட்டமிடுதல்’ என்னும் எபிரேய வேரிலிருந்து வந்த சொல் அது. காவல்மேடு எனலாம்.

சொல்லாமல் கிளம்பிய மருமகன் யாக்கோபை, மாமனார் லாபான் கீலேயாத் மலையில் வந்து பிடிக்கிறார். வாக்குவாதம் ஓய்ந்ததும் கற்களைக் குவித்து எல்லை போடுகிறார்கள்: தீங்கு செய்யும் எண்ணத்தோடு இதை யாரும் தாண்டக்கூடாது. அந்தக் குவியலை லாபான் அரமேயத்தில் ஜெகர்சகதூதா என்றார். யாக்கோபு எபிரேயத்தில் கலயெத் என்றார். இரண்டுக்கும் ‘சாட்சிக் குவியல்’ என்றே பொருள். ஒரே எல்லை, இரு மொழி!

நாம் பிரிந்திருக்கும்போது கர்த்தர் கண்காணிக்கட்டும் என்று லாபான் சொன்னதால் அந்த இடத்துக்கு மிஸ்பா என்றும் பெயர் வந்தது. அவர் அப்படிச் சொன்னது பாசத்தில் அல்ல, சந்தேகத்தில். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் காதலர்கள் இந்தப் பெயரை நகையில் பொறித்துக்கொண்டது வேடிக்கைதான். அப்புறம், சவுலை இஸ்ரவேலரின் முதல் ராஜாவாகத் தேர்ந்தெடுத்த மிஸ்பா வேறு; அது பென்யமீன் கோத்திரத்தாரின் பகுதியில் இருந்தது.