கணினி கேள்வி-பதில்: நீர்மட்டத்துக்குப் பதில் ‘ஆப்ஜெக்ட் பிராமிஸ்’

கேள்வி: பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தைக் காட்ட ஒரு வலைப்பக்கம் செய்கிறேன். மட்டங்களை நானே தினமும் ஜேசான் (தரவை எழுதி வைக்கும் ஒரு வடிவம்) கோப்புகளில் ஏற்றிவிடுகிறேன். ‘அணைமட்டம்’ என்ற ஏசிங்க் ஃபங்ஷன் அதை ஃபெட்ச் செய்து (இணையம் வழியே எடுத்து) எண்ணை ரிட்டர்ன் செய்கிறது. ஃபங்ஷனுக்குள் கன்சோலில் பார்த்தால் எண் சரி. பக்கத்தில் மட்டும் ‘ஆப்ஜெக்ட் பிராமிஸ்’ என்று விழுகிறது. ஏன்?
– கல்லூரி மாணவர், கல்லிடைக்குறிச்சி

ஃபங்ஷனுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறீர்கள், சந்தோஷம் தம்பி. ஜாவாஸ்கிரிப்ட் அதைத் தாராளமாக ஏற்கும். ஃபங்ஷனிலும் தப்பில்லை, அதைக் கூப்பிடுகிற வரியில்தான் கோளாறு.

ஏசிங்க் என்று போட்டுவிட்டால், உள்ளே எதை ரிட்டர்ன் செய்தாலும் வெளியே வருவது பிராமிஸ்தான், அதாவது ‘பதில் பிறகு வரும்’ என்ற வாக்குறுதி. வெறும் 118 என்று எழுதித் திருப்பினாலும் அப்படித்தான். தையல் கடையில் துணியைக் கொடுத்ததும் தருகிற சீட்டு மாதிரி அது. நீங்கள் சீட்டையே கொண்டுபோய்ப் பக்கத்தில் ஒட்டிவிட்டீர்கள்.

கூப்பிடும் இடத்தில் ‘அவெய்ட் அணைமட்டம்()’ என்று எழுதுங்கள். அவெய்ட் என்றால் பதில் வரும்வரை காத்திரு என்று அர்த்தம். அந்த வரி இருக்கும் ஃபங்ஷனும் ஏசிங்க் ஆக வேண்டும். பலர் இந்த இடத்தில் குறுக்கு வழி தேடுவார்கள்: வெளியே ஒரு வேரியபிள் வைத்து, ‘தென்’னுக்குள் (பதில் வந்ததும் செய்ய வேண்டியதை எழுதும் இடம்) எண்ணை அதில் போட்டு, அடுத்த வரியிலேயே எடுத்துப் பார்ப்பார்கள். காலியாகத்தான் இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் கையில் இருக்கிற வேலையை முடித்த பிறகுதான் வந்த பதிலைத் தொடும். இணைப்பு எவ்வளவு வேகமானாலும் இது மாறாது. இரண்டு செகண்ட் தாமதிக்கும் செட்டைம்அவுட் வைத்துச் சமாளிக்கவும் வேண்டாம். காரையாறு பக்கம் நின்று ஃபோனில் பார்க்கிறவருக்கு இரண்டு செகண்ட் எங்கே போதும்? எண்ணை வெளியே இழுக்கப் பார்க்காமல், எண் வந்து சேரும் இடத்துக்கு உங்கள் வேலையைக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. மூன்று அணைக்கும் வரிசையாக அவெய்ட் போட்டால், பாபநாசம் வந்த பிறகுதான் சேர்வலாறுக்கே ஆள் போகும். மூன்றையும் ஒன்றாகக் கிளப்பிவிடுங்கள். அதற்கு ‘பிராமிஸ் டாட் ஆல்’ உண்டு. ஆனால் ஒன்று கெட்டால் மற்ற இரண்டும் கைக்கு வராது. மணிமுத்தாறு கோப்பு கிடைக்கவில்லை என்பதற்காகப் பாபநாசத்தை ஏன் மறைக்க வேண்டும்? 2020-இல் வந்த ‘ஆல்செட்டில்ட்’ உங்களுக்குச் சரி. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று தனித்தனியே சொல்லும். பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்துச் செல்லும் ஃபார்ஈச்சுக்குள் மட்டும் அவெய்ட் போட்டுவிடாதீர்கள், அது யாருக்காகவும் நிற்காது.

கேள்வி: ‘தென்’ படிப்பதா, ‘அவெய்ட்’ படிப்பதா?
– பாளையங்கோட்டை வாசகி

இரண்டும்தான் அம்மா. பிராமிஸ் 2015-இல் மொழிக்குள் வந்தது, அவெய்ட் 2017-இல். அடியில் இருப்பது ஒரே பிராமிஸ். எழுதுவதற்கு அவெய்ட் போதும். பிறர் எழுதியதைப் படிக்க ‘தென்’ தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஃபெட்ச்சைச் சுற்றி, பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச் போட்டிருக்கிறேன். சர்வர் 404 (கேட்டது இல்லை) என்கிறது. ஆனால் கேட்சுக்குள் போகவே இல்லை; பக்கத்தில் ‘அன்டிஃபைன்ட்’ என்று வருகிறது.
– வீரவநல்லூர் வாசகர்

சர்வர் ‘இல்லை’ என்று சொன்னாலும் ஃபெட்ச்சுக்கு அது பதில்தான். இணைப்பே அறுந்தால் ஃபெட்ச் தோற்றதாகச் சொல்லும். 404, 500 (சர்வரிலேயே கோளாறு) எல்லாம் அதற்கு வெற்றி. பிழைச் செய்தியும் ஜேசானாகவே வந்திருக்கும், அதில் நீங்கள் தேடிய பெயர் இல்லை, அதனால் ‘அன்டிஃபைன்ட்’. பதில் வந்ததும் அதன் ‘ஓகே’ பண்பைப் பாருங்கள். 200 முதல் 299 வரை என்றால்தான் அது ட்ரூ. இல்லையென்றால் நீங்களே ஓர் எரரை த்ரோ செய்யுங்கள், கேட்ச் பிடித்துக்கொள்ளும். ட்ரைக்குள் ‘ரிட்டர்ன் ஃபெட்ச்’ என்று அவெய்ட் இல்லாமல் திருப்பினாலும் பிழை கேட்சைத் தாண்டி வெளியே போய்விடும்.

கேட்சுக்குள் மதிப்பை 0 என்று வைத்துவிடும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. மேலே கேட்ட கல்லிடைக்குறிச்சித் தம்பிக்கும் சேர்த்தே சொல்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 143 அடி பாபநாசம் அணை 0 அடி என்று காட்டினால், பிசான நெல் சாகுபடிக்கு நாற்றங்கால் விடலாமா என்று பார்க்கிற ஒருவர் அதை நம்பிவிடக்கூடும். ‘இன்றைய மட்டம் கிடைக்கவில்லை’ என்று எழுதி, கடைசியாகக் கிடைத்த எண்ணைத் தேதியோடு கீழே போடுங்கள்.